தேயாத முன் பிரேக்

பிரேக் ஆயில் வாசம் நகக்கண்ணில் உட்கார்ந்துவிட்டது. சோப்புப் போட்டேன், எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தேன். சனிக்கிழமை பட்டது, இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் தலை வாரும்போது கை முகத்துக்குப் பக்கத்தில் வந்தது, லேசாக அடித்தது.

அந்த வாசம் உங்களை நினைவுபடுத்தியது என்று சொன்னால் பொய். நீங்கள் வண்டியைக் கழுவுவீர்கள், துடைப்பீர்கள், பிரித்ததில்லை. நீங்கள் ரிப்பேர் பார்க்கிற லிப்ட்களின் கம்பிக்குப் போடுகிற கிரீஸ் வாசம்தான் உங்கள் சட்டையில் எப்போதும் இருக்கும். இது வேறு. உங்களைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்ட நாளின் வாசம். அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் பைக்குக்குப் பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது. உங்கள் பெயரிலிருந்து என் பெயருக்குப் போன மாதம்தான் மாற்றினேன். அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். லைட், ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்து அவர் சரி என்றால் இன்னும் ஐந்து வருஷம் ரோட்டில் ஓட்டலாம். இல்லையென்றால் இரும்பு.

குடியாத்தத்திலிருந்து தம்பி போனில் சொன்னான், "இரும்புன்னே வெச்சுக்கோக்கா. மூணு வருஷமா கீழே நிக்குது. யார் ஓட்டப் போறா?" சரிதான் என்றேன். மறுநாள் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பித் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். நீங்கள் போன இந்த ஒன்றேகால் வருஷமாக நான் செய்வதெல்லாம் இப்படித்தான். நிரப்ப ஒரு தாள் இருந்தால் நிரப்புகிறேன். இருபத்திரண்டு வருஷமாக எலெக்ட்ரானிக் சிட்டியில் சர்க்யூட் போர்டு சோதித்துப் பழகிய கை; லிஸ்டில் இருப்பதற்கெல்லாம் டிக் போட்டுக்கொண்டே போனால் ஷிப்ட் முடிந்துவிடும். வீட்டையும் அப்படியே நடத்துகிறேன். பதினாறாம் நாள் காரியத்தன்று உங்கள் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஒரு தடவை வாய் விட்டு அழுதுடும்மா" என்றார். அழ வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. வரவில்லை.

சனிக்கிழமை காலை கீழே இறங்கி வண்டியின் கவரை எடுத்தேன். சீட்டில் ஏதோ பூனை படுத்துப் பள்ளம் பண்ணி வைத்திருந்தது. ஸ்டாண்டிலிருந்து இறக்கித் தள்ளினால் வண்டி நகரவில்லை. கியரில் இருக்கிறதோ என்று பார்த்தேன், நியூட்ரல். முன் சக்கரம்தான் பிடித்துக்கொண்டிருந்தது. முன் பிரேக் லீவரை அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. பின் பிரேக்கை மிதித்தால் நேர்மாறு, பெடல் தொபுக்கென்று கடைசி வரைக்கும் போனது. ஒன்று விடவில்லை, இன்னொன்று பிடிக்கவில்லை. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன், போர்டில் கண்ட கோளாறை எழுதுகிற மாதிரி. பிறகு ஒரு லக்கேஜ் ஆட்டோவைக் கூப்பிட்டு வண்டியை ஏற்றி, ஆஸ்டின் டவுனிலிருந்து நீலசந்திராவுக்குக் கொண்டுபோனேன்.

நீங்கள் வழக்கமாகப் போகும் அன்வர் பாய் கடைதான். அத்தனை தடவை உங்களோடு வந்திருக்கிறேன், ஒரு நாளும் சீட்டைவிட்டு இறங்கியதில்லை. பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க பாபி" என்றார்; அண்ணி என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். உங்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நீங்கள் போன அன்று வீட்டுக்கு வந்தார், வாசலோடு நின்றுவிட்டுப் போய்விட்டார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

"திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் பாய். பிரேக் ரெண்டும் இப்படி இருக்கு," என்று தாளை நீட்டினேன்.

படித்துவிட்டுச் சிரித்தார். "இப்படி யாரும் எழுதிட்டு வரமாட்டாங்க பாபி. பிரேக் சரியில்லன்னு மட்டும் சொல்வாங்க, நான் தேடணும்."

வண்டியை நிறுத்தி, முன் சக்கரம் தரையில் படாதபடி அடியில் கட்டை கொடுத்தார். டிஸ்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற காலிபரில் ஒரு சின்ன நட்டு இருக்கிறது. அதைத் திறந்தார். டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக ஆயில் சொட்டியது. "இப்ப சுத்துங்க" என்றார். சக்கரத்தைச் சுற்றினேன். அசையவில்லை.

"ஆயில் மேலே திரும்பாம அடைச்சு நின்னிருந்தா, இதைத் திறந்ததுமே சக்கரம் விட்டிருக்கும். விடல. அப்போ கோளாறு இங்கேயேதான். உள்ளே பிஸ்டன் துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. ஓட்டாம நின்னதால ஆனது."

அவர் கோளாறைத் தேடிய விதம் எனக்குப் புரிந்தது. எங்கள் வேலையும் அதுதான். பாதியை விலக்கிவிட்டு மீதியைப் பார்ப்பது. ரொம்ப நாளுக்குப் பிறகு ஒரு விஷயத்தில் என் மனம் நின்றது. குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.

காலிபரைக் கழற்றி, உள்ளே டிஸ்கை உரசி நிறுத்துகிற பேடுகள் இரண்டையும் என் உள்ளங்கையில் போட்டார். பழைய வண்டி, தேய்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். புதுசு மாதிரி தடிமனாக இருந்தன. அடுத்துப் பின் சக்கரத்தைக் கழற்றினார். அங்கே பிரேக் ஷூவின் மேலிருந்த லைனிங் மொத்தமும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அந்த இரும்பு டிரம்மைச் சுரண்டிச் சுரண்டி, விரல் வைத்தால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"முன்னாடி தேயவே இல்ல. பின்னாடி மட்டும் ஏன் பாய் இப்படி?"

"அண்ணன் முன் பிரேக் பிடிக்காம ஓட்டியிருக்கார். வேறென்ன?"

"அவர் அப்படி ஓட்டமாட்டார்."

உங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணமான முதல் மாதம். லிப்ட் ரூம் படியில் இறங்கும்போது கால் பிசகி, வீங்கிய பாதத்தோடு, அப்போதிருந்த பழைய வண்டியில் என் கம்பெனி வாசலுக்கு வந்தீர்கள். என்னைக் கூட்டிப்போக வந்தவரை நான் பின்னால் உட்காரச் சொன்னேன். தம்பியோட வண்டியில் கற்றுக்கொண்டது, லைசென்ஸ் இருக்கு என்றதும் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தீர்கள். அப்புறம் ஏறிக்கொண்டீர்கள். ஹொசூர் ரோட்டில் பக்கத்தில் வந்த கம்பெனி பஸ்ஸிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் வெட்கப்படவில்லை. "ரெண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடி, ஒண்ணை மட்டும் நம்பாதே" என்று மட்டும் காதுக்குப் பக்கத்தில் இரண்டு தடவை சொன்னீர்கள். அப்படிச் சொன்ன மனிதர் ஒரு பிரேக்கை மறந்துவிட்டு ஓட்டுவாரா?

பாய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து கைப்பிடியைப் பார்த்தேன். இடது பக்கம் கிளச் லீவர் கைப்பிடியிலிருந்து நான்கு விரல் தள்ளி நின்றது. வலது பக்கம் பிரேக் லீவர் இரண்டு விரல் தூரம்தான். விழுந்து வளைந்த மாதிரி இல்லை. யாரோ அளந்து வளைத்த மாதிரி இருந்தது.

"இதை யார் பாய் வளைச்சது?"

"நான்தான்."

அப்புறம் அவரே சொன்னார். கீழே பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"லீவர் டைட்டா இருக்கு பாய், விரல் எட்டலன்னு அண்ணன் வந்தார். நான் பிடிச்சுப் பார்த்தேன். பூ மாதிரி இருந்தது. சரின்னு இன்னும் கொஞ்சம் லூஸ் பண்ணிக் கொடுத்தேன். மறு வாரம் வந்தார், இன்னும் டைட்டுன்னார். சூடு காட்டி உள்பக்கமா வளைச்சுக் கொடுத்தேன். மூணாவது தடவையும் வந்தார். நான் சொன்னேன், அண்ணா, லீவர்ல ஒண்ணுமில்ல, உங்க கையைக் காட்டுங்க. காட்டினார் பாபி. கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல சதை இருக்குமில்ல, அங்கே குழி விழுந்திருந்தது."

"எப்போ இது?"

"வண்டி நின்னுச்சே, அதுக்கு முந்தின வருஷம் யுகாதி கழிஞ்ச உடனே. அப்புறம் பின் பிரேக்கிலேயே ஓட்டினார். அந்த ஒரு வருஷத்துல மட்டும் மூணு தடவை பின்னாடி ஷூ மாத்தினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே பாய்."

"டாக்டர்கிட்ட போறேன், வீட்ல நானே சொல்லிக்கிறேன்னார். அல்லா மேல ஆணை, பாபியைப் பின்னாடி உட்கார வெச்சு ஓட்டாதீங்கன்னு மட்டும் அவர்கிட்ட சொன்னேன்."

நான் நின்றபடியே மாதங்களைக் கூட்டிப் பார்த்தேன். உங்கள் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்து, நீங்கள் முதல் தடவையாக என்னிடம் "கை மரத்துப்போகுது" என்று சொன்னது அடுத்த வருஷம் சிவராத்திரிக்கு முந்தின நாள். நரம்பு டாக்டர் உங்களைப் பார்த்து, எத்தனை நாளாக என்று கேட்டார். "ரெண்டு மாசமா இருக்கும் சார்" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் டாக்டர், ரெண்டு மாசம்தான் என்று அழுத்திச் சொன்னேன். அவர் அதையே எழுதிக்கொண்டார்.

இன்னொன்றும் புரிந்தது. அந்த ஆடி மாதம் மைசூர்பாக் பெட்டியோடு வந்தீர்களே. "சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க. இனிமே ஸ்பேனர் பிடிக்க வேணாம், நாலு பேரை வேலை வாங்கினா போதும்." நான் நம் மாடியில் மூன்று வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது கம்பெனி கொடுத்த பதவியில்லை, நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்ட இடம். ஸ்பேனர் பிடிக்க முடியாததால் கேட்டது. ஆடுகோடி சிக்னலில் முன்னால் நின்ற ஆட்டோவில் இடித்த அன்று, "கண்ணை எங்கே வெச்சுக்கிட்டு ஓட்டுறீங்க?" என்று நடுரோட்டில் கத்தினேன். ரோடு ஈரம் என்றீர்கள். ரோடு காய்ந்துகிடந்தது. அன்று நமக்கு நடுவில் மகளும் உட்கார்ந்திருந்தாள்.

கோபம் வரவேண்டிய இடம் அது. ஒற்றைப் பிரேக்கை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் எங்கள் இருவரையும் ஹொசூர் ரோட்டில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அதைத் தெரிந்துகொண்டு நின்ற இடத்தில் நான் என்ன கேட்டேன் தெரியுமா? "முன்னாடி பேட் மாத்தணுமா பாய்?" அதுதான் வாயில் வந்தது.

"தேயல. ஆனா மூணு வருஷம் துருவோட கிடந்தது, பிடிக்காது. மாத்திடலாம்" என்றார்.

வீட்டுக்குப் போங்க, சாயங்காலம் வாங்க என்றார். நான் போகவில்லை. பிஸ்டனை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். வழவழப்பாகும் வரை மெல்லிய எமெரித் தாளால் நான்தான் தேய்த்தேன். ரப்பர் சீல் புதுசு, பின்னால் ஷூ புதுசு. டிரம்மை லேத்துக்குக் கொண்டுபோய்ப் பள்ளத்தைக் கடைந்து எடுத்துவந்தார். லீவரையும் மாற்றிவிடட்டுமா என்று தயங்கிக் கேட்டார். மாற்றுங்கள் என்றேன். கழற்றிய லீவரைக் கையில் வைத்துக்கொண்டு, "இது வேணுமா பாபி?" என்றார். வேண்டாம் என்றேன். பழைய இரும்புப் பெட்டிக்குள் போட்டார்.

கடைசியில் ஆயிலை ஊற்றி, குழாயில் அடைந்திருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். நான் சீட்டில் உட்கார்ந்து லீவரை அழுத்திப் பிடிக்க, பாய் கீழே நட்டைத் திறந்து மூடினார். "அழுத்துங்க. பிடிங்க. விடாதீங்க. ம், இப்ப விடுங்க." காலிபரில் மாட்டிய கண்ணாடிக் குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. நாற்பது தடவை அழுத்தியிருப்பேன். முன்கை கடுத்தது. இப்படி ஒரே ஒரு தடவை அழுத்த உங்களால் முடியாமல் போயிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை. குமிழ் நின்றதும் லீவர் கெட்டிப்பட்டது. வாயைத் துடைக்கப்போய் கையிலிருந்த ஆயில் உதட்டில் பட்டுக் கசந்தது.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். வரிசையில் நான் ஒருத்திதான் பெண். இன்ஸ்பெக்டர் எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் பார்த்துவிட்டு, லைட்டைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, "யாரு ஓடிசோது?" என்று கன்னடத்தில் கேட்டார். யார் ஓட்டுவது என்கிறார். நானே சார் என்றேன். அந்த வெள்ளைக் கோடு வரைக்கும் வேகமாகப் போய்ப் பிரேக் பிடிக்கச் சொன்னார்.

போனேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். முன்பக்கம் அமுங்கி, வண்டி கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. என் உடம்பு முன்னால் சாய்ந்து பின்னால் வந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பின்னால் உட்கார்ந்து வரும்போது நீங்கள் பிரேக் பிடித்தால் என் நெற்றி உங்கள் முதுகில் முட்டும். எத்தனை தடவை முட்டியிருக்கும், அதைச் சொல்லி எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! அந்த வருஷம் முழுக்க அது முட்டவே இல்லை. நான் கவனிக்கவில்லை. வேலையில் ஒரு மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவள் நான்.

"இன்னொம்மே" என்றார் இன்ஸ்பெக்டர். இன்னொரு தடவை ஓட்டிக் காட்டினேன். "பிரேக் சென்னாகிதே மேடம்" என்று தாளில் கையெழுத்துப் போட்டார். நன்றாக இருக்கிறதாம்.

சாயங்காலம் மகள் காலேஜிலிருந்து வந்தாள். இருபது வயதாகிவிட்டது அவளுக்கு. டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவளுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தேன். வேறு யாரிடம் சொல்வது? "அப்பாவுக்குக் கை, அந்த டம்ளர் நழுவினதுக்கும் ஒரு வருஷம் முன்னாடியே போயிடுச்சுடி. பாய் சொன்னார்" என்று ஆரம்பித்தேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நீ காலை ஷிப்டுக்கு அஞ்சரைக்கே போயிடுவ. அப்பாவுக்குச் சட்டை பட்டன் நான்தான் போட்டுவிடுவேன். ஷூ லேஸும். ஃபர்ஸ்ட் பியூசி முழுக்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். பாயிடம் சொன்ன அதே குறை.

"சொல்லப் போறேன்னு ஒரு நாள் சண்டை போட்டேன். அம்மா இப்போதான் ராத்திரியில தூங்குறா, இன்னும் கொஞ்ச நாள் தூங்கட்டும்னார். அப்படிச் சொல்லிட்டு அழுதார்மா. அப்புறம் நான் எப்படிச் சொல்ல?"

அது உண்மைதான். பத்து வருஷம் மாறி மாறி நைட் ஷிப்ட் பார்த்தவளுக்கு அந்த வருஷம்தான் நிரந்தரமாகக் காலை ஷிப்ட் கொடுத்தார்கள். ஒன்பது மணிக்குப் படுத்தால் அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவேன். நீங்கள் மேலே போர்வையை இழுத்துவிடுவீர்கள். எந்தக் கையால் இழுத்துவிட்டீர்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

"நான் அப்பவே சொல்லியிருந்தா சீக்கிரம் பார்த்திருக்கலாம் இல்ல?" என்றாள் மகள். "நான் வாயைத் திறந்திருந்தா அப்பா இன்னும் இருந்திருப்பார் இல்ல?" அவள் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டது. பதினாறு வயதிலிருந்து இதைத் தனியாகச் சுமந்துகொண்டு என் எதிரில் சாப்பிட்டிருக்கிறாள், படித்திருக்கிறாள், உங்களுக்குக் கடைசி வரை ஸ்பூனில் ஊட்டியிருக்கிறாள். நான் என் லிஸ்டுக்கு டிக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இல்ல. டாக்டர் எங்கிட்ட நேரிலேயே சொன்னார். தசை கரையற இந்த நோய்க்கு ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தாலும் இதே மாத்திரைதான், இதே வழிதான்னு. உன்னால இல்ல. பாயாலயும் இல்ல." அவள் என் மேல் சாய்ந்து அழுதாள். நான் அழவில்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

அழுது முடித்த பிறகு என் முன்னால் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "எனக்கும் வருமாம்மா?" இதையும் நான்கு வருஷமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறாள். உனக்கு வராது, இது பரம்பரையில்லை என்று டாக்டர் சொன்னார் என்றேன். அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை. அந்த டாக்டர் முதல் நாள் உங்களிடம் செய்தது போல, என் இரண்டு விரலை அவளிடம் நீட்டினேன்.

"அழுத்து."

அழுத்தினாள்.

"இன்னும்."

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். என் மோதிரம் எலும்பில் இறங்கியது. வலித்தது. நிஜமாகவே வலித்தது. போதும்டி விடு என்றேன், விடவில்லை. அப்போதுதான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்சம்தான்.

விரல் இன்னும் வீங்கியிருக்கிறது. பேனா பிடிக்கச் சிரமமாக இருக்கிறது. உங்கள் மேல் கோபம் இன்னும் வரவில்லை. வரும் என்று தோன்றுகிறது, வரட்டும். அந்த ஒரு வருஷத்தை நீங்கள் எனக்குக் கொடுத்தீர்களா, என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்களா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். இரண்டும்தான் போல. பெண் உங்களுக்குப் பட்டன் போட்டுவிட்ட, நீங்கள் ஒற்றைப் பிரேக்கில் ஓட்டிய, நான் மட்டும் நன்றாகத் தூங்கிய வருஷம் அது. திருப்பிக் கொடுக்க வழியில்லை. வைத்திருக்கிறேன்.